பாறைத் தோட்டத்துச் செங்காந்தள்: அறிகுறி கண்டு குறை களையும் முறை

கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறி வழங்கும் செங்காந்தள், நம் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் கடற்கரை மணல்மேடுகளிலும் யாரும் நடாமலேயே முளைத்துப் பூக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதையே கருங்கற்களை அடுக்கி அமைத்த பாறைத் தோட்டத்தில் நட்டால், முளைக்காமலும் பூக்காமலும் அழுகியும் ஒடிந்தும் பலருக்கு ஏமாற்றம் தருகிறது. இலையிலும் தண்டிலும் நம் கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை கிழங்கு கிடக்கும் குழியில்தான் தொடங்குகின்றன. ஆகவே, மருந்து வாங்கச் செல்லுமுன் அந்தக் குழியில் நீர் எவ்வாறு வடிகிறது, கிழங்கின் நுனி எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

குறையைத் தேடத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை தேவை. இச்செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி இதை உண்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உயிரிழந்திருக்கிறார்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும்; சிறு குழந்தைகளும் கால்நடைகளும் நாய்களும் நடமாடும் இடத்தில் இதை நடக்கூடாது. யாரேனும் தின்றுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரமாகும் என்பதால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அடுத்து, எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பெய்யும் மழைக்கு முளைத்து, கொடியாக நீண்டு, ஆவணி முதல் கார்த்திகை வரை இடத்துக்கு ஏற்பப் பூத்து, தை மாத வாக்கில் மேற்பகுதி முழுவதும் காய்ந்து, கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்குவது இதன் இயல்பு. தை மாதத்தில் இலை மஞ்சளாவது இயல்பு. ஆவணியில் மஞ்சளானால் அது நோயாகவோ ஊட்டக்குறைவாகவோ இருக்கும்.

மழை தொடங்கியும் முளை வரவில்லை

கிழங்கு இரண்டு கவைகளாகப் பிரிந்திருக்கும். உருளைக்கிழங்கில் இருப்பதுபோல உடலெங்கும் முளைக்கண்கள் இதில் இல்லை. ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் இருக்கிறது. அந்த நுனி ஒடிந்துவிட்டால், மிச்சமுள்ள கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அந்தக் கவை முளைக்காது. அழுகாமல் பல மாதங்கள் அப்படியே கிடந்து, நடுபவரை வீணாகக் காக்க வைக்கும். நர்சரியில் கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்ப்பதற்கு முன் நுனியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். நல்ல நுனி வெளிறிய நிறத்தில், கூம்பாக, விரலால் மெல்லத் தொட்டால் உறுதியாக இருக்கும். தட்டையாகவோ பழுப்பேறியோ வெட்டுப்பட்டோ இருந்தால், மற்றக் கவையின் நுனி நன்றாக இருந்தாலொழிய அக்கிழங்கை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே நட்டுவிட்ட கிழங்கைச் சோதிக்க விரும்பினால், முழுவதையும் தோண்டி எடுக்காதீர்கள். நுனி இருக்கும் பக்கத்து மண்ணை மட்டும் விரலால் விலக்கிப் பார்த்து, நுனி உயிரோடு இருந்தால் மூடிவிட்டுப் பொறுத்திருங்கள். புதிதாக நட்ட கிழங்குகள் முதல் ஆண்டில் தாமதமாக முளைப்பது வழக்கம். தோண்டித் தோண்டிப் பார்ப்பதால் ஒடியும் நுனிகளே நோயால் சாகும் நுனிகளைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

நுனி நன்றாக இருந்தும் முளை மேலே வரவில்லையென்றால், அதன் வழியில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே பரப்பிய சரளையை முளை எளிதில் விலக்கிக்கொண்டு வந்துவிடும். தட்டையான பலகைக்கல்லின் அடியில் சிக்கினால் வெளிறி நீண்டு, வெளிச்சம் காணாமல் அழுகிவிடும். நடும்போது கிழங்கைப் படுக்கைவாக்கில், 6 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, நுனிகள் பாறையை நோக்காமல் இளகிய மண்ணை நோக்கி இருக்குமாறு திருப்பிவிட்டால் இச்சிக்கல் வராது.

கோடையிலும் சொட்டுநீர் விடாமல் ஓடிக்கொண்டிருந்த குழியாக இருந்தால், கிழங்கு உறக்கத்திலேயே அழுகியிருக்கக்கூடும். உறங்கும் கிழங்கை நீர்விட்டு எழுப்ப முடியாது. மேற்பகுதி காய்ந்தது முதல் அடுத்த முளை தெரியும் வரை நீர் நிறுத்தப்பட வேண்டும். மற்றச் செடிகளுக்காக நீர் பாய்ச்சும் குழாய் இக்குழிக்கு எட்டாதவாறு தனியே பிரித்துவிடுவது நல்லது.

கொடி நிமிராமல் கல்லின்மேல் சரிந்து கிடக்கிறது, அல்லது அடியில் ஒடிந்துவிடுகிறது

இந்தக் கொடி ஏறும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து கவனித்தால் குறை தானே விளங்கும். தண்டு எதையும் சுற்றுவதில்லை. மேல் இலைகள் ஒவ்வொன்றின் நுனியும் நூலளவாகக் குறுகி, முன்னோக்கி வளைந்து, கைக்கெட்டிய மெல்லிய குச்சியைச் சுருளாகப் பற்றிக்கொள்கிறது. செடியின் பாரம் முழுவதையும் அந்தச் சுருள்களே தாங்குகின்றன. விரல் பருமனுள்ள கம்பையே இச்சுருளால் சரியாகப் பற்ற முடியாதபோது, அகன்ற கருங்கல்லின் முகம் அதற்கு எவ்வகையிலும் பயன்படாது. அடி இலைகளில் இந்தச் சுருளும் இல்லாததால், பிடிப்புக் கிடைக்கும் உயரத்தை எட்டுமுன்பே இளங்கொடி காற்றில் ஆடி, மண்மட்டத்தில் ஒடிகிறது.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காக இதைப் பயிரிடும் உழவர்கள், கிளுவை வேலியிலும் விராலிக் குச்சிகளிலும் கொடியை ஏற்றிவிட்டதும், பிறகு கம்பிப்பந்தலுக்கு மாறியதும் இக்காரணத்தாலேயே. பாறைத் தோட்டத்துக்கு விராலியே மிகப் பொருத்தம் என்று சொல்வேன்: வறட்சியைத் தாங்கும், வெட்டிவிட்டால் குட்டையாக நிற்கும், கிளைகள் மெல்லியவை. குழிக்குப் பின்னால் ஒரு விராலிச் செடியை முழங்கால் உயரத்தில் வளர்த்து, அதன்மீது கொடியை ஏற்றினால், உச்சியை அடைந்ததும் கொடி தானே முன்புறமாகக் கவிந்து பாறைமீது தொங்கும். ஏறவே வேண்டாம், பாறைச் சரிவில் படர்ந்தால் போதும் என்று எண்ணுவோர், காய்ந்த விராலிச் சுள்ளிகளைச் சரிவின்மேல் கிடையாகப் பரப்பி, கல்லிடுக்கில் செருகி நிறுத்தலாம். சுருள்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு கொடியைக் காற்றுக்கு அசையாமல் வைத்திருக்கும்.

ஒடிந்த கொடிக்கு மாற்றாக அதே ஆண்டில் வேறு கொடி வருவது அரிது. ஒடிந்த இடத்துக்குக் கீழே இலைகள் மிஞ்சியிருந்தால் அவற்றை வெட்டாமல் விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான கிழங்குக்கு அந்த இலைகளே உணவு சேர்க்க வேண்டும்.

முளை ஒரே இரவில் காணாமற்போயிற்று

மழைக்காலத்து நத்தைகளின் வேலையாக இருக்கலாம். பாறையிடுக்குகள் அவற்றுக்கு நல்ல மறைவிடம். இரவில் டார்ச் விளக்கோடு பார்த்துப் பொறுக்கி அகற்றுவதும், முளை வரும் இடத்தைச் சுற்றிக் கூர்மையான சிறு ஜல்லியைப் பரப்புவதும் போதும்.

பருவத்தின் நடுவே இலை மஞ்சளாகிறது

மஞ்சள் ஒன்றாகத் தோன்றினாலும் காரணங்கள் பல. எந்த இலை, எந்த இடத்தில் மஞ்சளாகிறது என்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிறினால், அது இரும்புச்சத்துக் குறைவு. பாறைத் தோட்டங்களில் இது அடிக்கடி வருகிறது. காரணம், கற்களை இணைக்கப் பயன்படுத்திய சிமெண்ட் சாந்திலிருந்து சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து குழிக்குள் இறங்கி மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. செங்காந்தளுக்கு ஏற்ற கார அமில நிலை 6 முதல் 7 வரை. உடனடித் தீர்வாக, 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைகளின்மேல் தெளிக்கலாம். நிலையான தீர்வு, உறங்கும் பருவத்தில் குழிமண்ணை மாற்றி, சாந்து தெரியும் பக்கங்களிலிருந்து கிழங்கைத் தள்ளி வைப்பதுதான். புதிதாகத் தோட்டம் அமைப்பவர்கள் சாந்தே இல்லாமல், கற்களை உள்நோக்கிச் சாய்த்துப் புதைத்து அடுக்கினால் இத்தொல்லையே எழாது.

அடி இலைகள் தொடங்கிச் செடி முழுவதும் மந்தமாக மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால், குழியில் நீர் தேங்குகிறது. இதற்கு உரம் இடாதீர்கள். கீழே அழுகலைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

பாறையைத் தொடும் இலைகளின் விளிம்பு மட்டும் தீய்ந்து, மற்றவை பசுமையாக இருந்தால், அது கல்லின் சூடு. மேற்கு நோக்கிய கருங்கல் பிற்பகல் வெயிலைக் குடித்து, இரவு வெகுநேரம் வரை அதை உமிழ்கிறது. கொடிக்கு வெயில் வேண்டும், அடிக்கு நிழல் வேண்டும்; புதர்களின் அடியிலிருந்து எழுந்து வெளிச்சத்துக்கு வரும் செடியாதலால் இதன் இயல்பு அப்படி. குழியைக் கிழக்கு நோக்கிய பக்கத்தில் அமைப்பதும், குழியின் வாயில் இரண்டு விரற்கடை கனத்துக்கு வெளிர்நிறச் சரளை பரப்புவதும் இதைத் தணிக்கும்.

இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் கருகுகின்றன

இது பெரும்பாலும் ஆல்டர்நேரியா முதலிய பூஞ்சைகளால் வரும் இலைக்கருகல். ஈரம் மிகுந்த மேகமூட்ட நாட்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இலையே காகிதமாகக் காய்ந்துவிடும். கருகிய இலைகளைக் கிள்ளி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். கல்லிடுக்கில் உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்க வேண்டும், ஏனெனில் அடுத்த மழைக்கு நோய் அங்கிருந்தே கிளம்பும். பரவுவது நிற்கவில்லையென்றால், 1 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து மழை இல்லாத வேளையில் தெளிக்கலாம். மேலிருந்து இலை நனைய நீர் விடுவதை விட்டுவிடுங்கள்.

இலைகளை மொட்டையடிக்கும் புழு

கரிய உடலில் வெண்புள்ளிகளும் செந்நிறத் திட்டுகளும் கொண்ட புழுக்கள் கூட்டமாகக் காணப்பட்டால், அவை பாலிடெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் இளம்பருவம். மனிதரைக் கொல்லும் நஞ்சு இவற்றை ஒன்றும் செய்வதில்லை. இரண்டு மூன்று நாட்களில் ஒரு கொடியை வெறும் தண்டாக்கிவிடும் ஆற்றல் உள்ளவை என்பதால், கண்ட அன்றே கையுறை அணிந்து பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டுவிட வேண்டும். இலையின் அடிப்புறத்தில் குவியலாக இடப்பட்ட முட்டைகள் இருந்தால் அந்த இலையையே கிள்ளிவிடுங்கள். மிஞ்சியவற்றுக்கு 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது போதுமானது. இப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாவதால், தாக்குதலுக்குப் பின் மேற்சரளையைக் கிளறிவிட்டால் பறவைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தண்டு அடியில் இளகி, கொடி திடீரென வாடுகிறது

எல்லாக் குறைகளிலும் இதுவே கொடியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் சென்னை, டெல்டா போன்ற பகுதிகளில் பாறைத் தோட்டத்துச் செங்காந்தள் பெரும்பாலும் இதனால்தான் அழிகிறது. பருவம் முடிந்து இயல்பாகக் காயும் தண்டு வைக்கோல் நிறத்தில், உலர்ந்து, கிழங்கிலிருந்து சுத்தமாகக் கழன்றுவரும். அழுகும் தண்டு அடியில் பழுப்பாகி, ஈரமாக, இழுத்தால் நாற்றத்தோடு பிய்ந்துவரும். அடித்தண்டைச் சுற்றி வெண்ணூல் படர்ந்து, கடுகளவான பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால், அது ஸ்கிளரோஷியம் என்னும் பூஞ்சை. அவ்வுருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உடனே கிழங்கை எடுத்துவிடுங்கள். வெளிறிய, உறுதியான சதை தெரியும் வரை அழுகிய பகுதியைக் கூரிய கத்தியால் வெட்டி நீக்கி, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து, மிஞ்சிய கவையில் நுனி இருந்தால் மட்டும் அதைச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளின் கரைசலில், 1 லிட்டருக்கு 10 கிராம் வீதம், அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் வைக்கலாம். நுனி போய்விட்டதென்றால் அந்தக் கவையை விட்டுவிடுவதே நல்லது. எடுத்த குழியின் மண்ணைத் தோட்டத்தின் வேறெங்கும் கொட்டாதீர்கள்.

அடுத்ததாகக் குழியைச் சோதியுங்கள். ஒரு வாளி நீரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்தும் மேலே நீர் நின்றால் அக்குழி செங்காந்தளுக்கு ஆகாது. இங்கே பலரும் அடியில் ஒரு சாண் ஜல்லி கொட்டிவிட்டு, வடிகால் அமைந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். களிமண் தரையின்மேலோ சிமெண்ட் தளத்தின்மேலோ கல்லடுக்கினால், அடியில் எவ்வளவு ஜல்லி இருந்தாலும் நீர் வெளியேற வழியில்லாமல் ஜல்லிக்குள்ளேயே நின்று கிழங்கை எட்டும். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து, நீர் வெளியே ஓடத் திறப்பு விடுங்கள். அது இயலாவிட்டால் குழியின் மண்மட்டத்தைச் சுற்றுத் தரையைவிட ஒரு முழம் உயர்த்துங்கள். மண்கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். மணலுக்கு மாற்றாகக் கிரஷர் தூளைக் கழுவாமல் போட்டால், அதிலுள்ள மாவு இறுகி வடிகாலை அடைத்துவிடும். நடுமுன் தொழு உரத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து சில நாட்கள் ஈர நிழலில் வைத்திருந்து இடுவது, கிழங்கழுகலை முன்கூட்டியே தடுக்க உதவும்.

கொடி செழிப்பாக இருந்தும் பூக்கவில்லை

விதையிலிருந்து வளர்த்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்; அதற்கு மருந்து பொறுமைதான். கிழங்கிலிருந்து வந்த செடியாக இருந்தால் கிழங்கின் எடையைக் கேளுங்கள்: உழவர்கள் நடவுக்குத் தேர்வது 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளையே, அதைவிட மிகச் சிறியவை இலையோடு நின்றுவிடும். பூக்கள் மேல் இலைக்கணுக்களில் வருவதால், அடர்ந்து வளரட்டும் என்று கொழுந்தைக் கிள்ளியிருந்தாலும் பூ போய்விடும். நாளின் பெரும்பகுதி நிழல் விழும் இடம், தழைச்சத்து மிகுந்த உரம், சென்ற ஆண்டு பச்சையாக இருந்தபோதே கொடியை வெட்டிவிட்டது ஆகிய மூன்றும் மற்றக் காரணங்கள்.

பூ பசுமஞ்சளாகத்தான் இருக்கிறது, சிவக்கவில்லை என்று கவலைப்படுவோரும் உண்டு. விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, சில நாட்களில் அடியில் மஞ்சள் மிஞ்ச, மேலே செந்நிறமாக மாறுவதே இம்மலரின் இயல்பு.

பூத்தும் காய் பிடிக்கவில்லை

பூவை ஓரமாகப் பார்த்தால், சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்பது தெரியும். வண்ணத்துப்பூச்சிகள் வராத மாடித்தோட்டத்திலும் நகரத்து முற்றத்திலும் காய் அரிதாவதற்கு இதுவே காரணம். விதை வேண்டுமானால், உழவர்கள் செய்வதுபோல் காலை வேளையில் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து வேறொரு செடியின் சூல்முடியில் தடவலாம். விதை வேண்டாதவர்கள் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுவதே மேல்; காய்க்குப் போகும் உணவு கிழங்குக்குப் போகும்.

ஆண்டுக்காண்டு செடி சிறுத்து, இடம் மாறி முளைக்கிறது

ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு சுருங்கி மறைந்து, தண்டின் அடியில் புதிய இருகவைக் கிழங்கு உருவாகிறது. அடுத்த முளை அக்கவைகளின் நுனியிலிருந்து எழுவதால், செடி ஆண்டுதோறும் ஒரு கவையின் நீளம் நகர்கிறது. திறந்த நிலத்தில் இதனால் தீங்கில்லை. ஒரு சாண் அகலமே உள்ள பாறையிடுக்கில், இரண்டு மூன்று பருவங்களில் நுனிகள் கல்லை முட்டி, வளைந்து, நசுங்குகின்றன. கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிச் சிறுத்துப்போகின்றன. ஆகவே குழி குறைந்தது இரண்டு சாண் அகலமும் ஒரு முழ ஆழமும் இருக்க வேண்டும்.

சிறுத்துவிட்ட செடியைச் சீராக்க, மாசி மாதத்தில் மேற்கொடி முற்றிலும் காய்ந்தபின், தண்டு நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கைக்கொத்தை இறக்கி, மண்ணோடு சேர்த்துக் கிழங்கை மேலே தூக்குங்கள். கவைகளைப் பிரிக்க வேண்டுமானால் இரண்டும் சேரும் கணுவில் மட்டும் வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் ஒரு வாரம் ஆறவிடுங்கள். பிறகு காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில், நுனிகள் ஒன்றையொன்று உராயாதவாறு அடுக்கி, காற்றோட்டமான நிழலில் ஆனி வரை வைத்திருந்து, பருமனானவற்றைப் பெரிய குழிகளுக்கும் சிறியவற்றைத் தொட்டிகளுக்கும் பிரித்து நடலாம். சட்டியின்மேல் நஞ்சுக்கிழங்கு என்று பெரிய எழுத்தில் எழுதி, சமையலறையிலும் காய்கறி வைக்கும் இடத்திலும் இல்லாமல், பூட்டக்கூடிய வேறோர் அறையில் வையுங்கள்.